இரைப்பைக்குள் எட்டிப் பார்த்த டாக்டரும், அந்த இரைப்பையின் சொந்தக்காரரும்

(நம் சங்கத்தின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. அவருடைய விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.)



செயலாளர் ஐயா போன வாரம் லிஃப்டில் என்னைப் பார்த்தபோது, "அசிடிட்டி, அல்சர் பற்றி ஏதாவது பேசுங்க சிஸ்டர், நம்ம குடியிருப்பில் பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சினை" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் காரத்தைக் குறையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. அதனால் இன்று உங்களுக்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். நம் இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று உலகத்துக்குக் காட்டிய ஓர் அறுவை மருத்துவரின் கதை. கடைசியில் என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் முக்கியமாக வந்தேன்.

அந்த டாக்டரின் பெயர் வில்லியம் போமாண்ட். 1785-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவக் கல்லூரியில் படித்தவர் இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மூத்த மருத்துவரிடம் உதவியாளாக இருந்து தொழில் கற்றுக்கொண்டு, ராணுவத்தில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அவரை மேக்கினா என்ற சிறிய தீவிலிருந்த கோட்டைக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கும் பெரிய ஏரிகளின் நடுவே உள்ள தீவு அது. கம்பளித் தோல் வியாபாரம்தான் அங்கே தொழில். தீவு முழுவதற்கும் இவர் ஒருவர்தான் டாக்டர்.

1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி காலை, அந்தத் தோல் கம்பெனியின் கடையில் கூட்டமாக இருந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த வேட்டைத் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் இடது விலாப் பக்கத்தில் பாய்ந்தது. கனடாவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரப் பையன். தோல் மூட்டைகளைப் படகில் ஏற்றித் துடுப்புப் போடும் கூலித் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது.

போமாண்ட் ஓடி வந்து பார்த்தார். உள்ளங்கை அளவுக்குப் புண். விலா எலும்பு நொறுங்கி, நுரையீரலின் ஒரு பகுதி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரைப்பை கிழிந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. காலையில் சாப்பிட்டது அதன் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. நான் தியேட்டரில் எத்தனையோ விபத்துக் கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் வந்தால் இன்றைக்கும் எங்களுக்குக் கை நடுங்கும். அன்று மயக்க மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது, ரத்தம் ஏற்றும் வசதியும் கிடையாது. இவன் 36 மணி நேரம் தாண்ட மாட்டான் என்றுதான் போமாண்டும் நினைத்தார்.

தாண்டிவிட்டான். 17 நாட்கள் வாய் வழியாக எது கொடுத்தாலும் ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது. ஆசனவாய் வழியாகச் சத்து நீர் செலுத்தி அவனை உயிரோடு வைத்திருந்தார் டாக்டர். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினார். எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மாதக்கணக்கில் இப்படியே போனது. அடுத்த வருஷம் ஊர் அதிகாரிகள், இனி இவனுக்குச் செலவு செய்ய முடியாது, படகில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த உடம்போடு அவ்வளவு தூரம் போனால் வழியிலேயே செத்துவிடுவான் என்று சொல்லி, போமாண்ட் அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். சோறு போட்டார், துணி கொடுத்தார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் இந்த டாக்டரைக் குறை சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் இந்த நன்மையையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புண் ஆறியது, ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு விலாப் பக்கத்துத் தோலோடு ஒட்டி ஆறிவிட்டது. உள்ளிருந்து சிறு மடிப்பு ஒன்று வளர்ந்து கதவு போல ஓட்டையை அடைத்துக்கொண்டது. விரலால் தள்ளினால் திறக்கும். உள்ளே இரைப்பை அப்படியே தெரியும். நல்ல வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், விழுங்கிய தண்ணீர் உள்ளே வந்து விழுவதைக்கூடப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் செரிமானம் எப்படி நடக்கிறது என்பதில் பெரிய சண்டை. இரைப்பை ஆட்டுக்கல் மாதிரி அரைக்கிறது என்றார்கள் சிலர். அடுப்பு மாதிரி வேக வைக்கிறது என்றார்கள் சிலர். தோசை மாவு புளிப்பது போல உள்ளே புளிக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. இத்தாலியில் ஸ்பலன்சானி என்ற அறிஞர் அதற்கு முன்பே துணிப் பைகளில் உணவை வைத்துத் தானே விழுங்கிப் பார்த்து, உள்ளே ஒரு சாறுதான் உணவைக் கரைக்கிறது என்று சொல்லியிருந்தார். ஆனால் உயிரோடிருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் நாள் கணக்கில், மாதக் கணக்கில் நேராக எட்டிப் பார்க்கும் வாய்ப்பு போமாண்டுக்குத்தான் கிடைத்தது.

1825 ஆகஸ்ட் 1, பகல் 12 மணி. பட்டு நூலில் ஆறு உணவுத் துண்டுகளைக் கட்டினார். மசாலா போட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, வேகாத உப்புக்கண்டத்தில் இரண்டு வகை, வேக வைத்த உப்பு இறைச்சி, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம். நூலை ஓட்டை வழியாக உள்ளே விட்டார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் கோஸும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. மறுபடி உள்ளே விட்டார். இரண்டு மணிக்கு இழுத்தார். நான்கு துண்டுகள் நூலில் இல்லை, முழுக்கக் கரைந்துவிட்டன.

இன்னொரு நாள் இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்து, ஒரு சிறு குப்பியில் ஊற்றி, விரல் அளவு இறைச்சித் துண்டைப் போட்டு மூடி, உடம்புச் சூட்டில் இருக்கும் வெந்நீரில் வைத்தார். சுமார் பத்து மணி நேரத்தில் இறைச்சி கரைந்துவிட்டது. அரைக்க ஆள் இல்லை, வேக வைக்க அடுப்பு இல்லை. கண்ணாடிக் குப்பிக்குள்ளேயே செரிமானம்! அந்தச் சாற்றை வேதியியல் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்று உறுதி செய்தார்கள். பாத்ரூம் கழுவ நாம் வாங்குகிறோமே, அந்த ஆசிட்டின் குடும்பம்தான்.

இப்படி எட்டு வருஷங்களில், இடையிடையே நின்று நின்று, 200-க்கும் மேற்பட்ட சோதனைகள். எந்த உணவு எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று ஒரு பட்டியலே போட்டார். வேக வைத்த அரிசி ஒரு மணி நேரம், காய்ச்சிய பால் இரண்டு மணி நேரம், கெட்டியாக அவித்த முட்டை மூன்றரை மணி நேரம், சுட்ட பன்றி இறைச்சி ஐந்தே கால் மணி நேரம். இது ஒரே ஒரு மனிதரின் இரைப்பையில் எடுத்த கணக்கு. நாளைக் காலையிலிருந்து கையில் கடிகாரத்தோடு சாப்பிட உட்காராதீர்கள்.

அவர் கண்டதில் இரண்டு விஷயங்கள் நமக்கு இன்றும் பயன்படும். ஒன்று, கோபமும் பயமும் வந்தால் இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறி வறண்டு போவதை நேரில் பார்த்து எழுதினார். சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை போட்டுவிட்டு நேராகச் சாப்பிடப் போகிறவர்கள் கவனிக்கவும். இரண்டாவது, அலெக்சிஸ் எட்டுப் பத்து நாள் தொடர்ந்து குடித்திருந்த சமயத்தில் உள்ளே பார்த்தால் சிவந்து, ஆங்காங்கே புண். ஆனால் அவனைக் கேட்டால் வலி ஒன்றும் இல்லை, நன்றாகப் பசிக்கிறது என்கிறான். வயிறு வலிக்கவில்லை என்பதாலேயே வயிறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இதையெல்லாம் 1833-ல் தன் செலவிலேயே புத்தகமாக அச்சிட்டார் போமாண்ட். 51 முடிவுகளைக் கடைசியில் வரிசையாக எழுதினார். பட்டம் வாங்காத, காட்டுக் கோட்டையில் வேலை பார்த்த ஒரு ராணுவ டாக்டரின் புத்தகத்தை ஐரோப்பியப் பேராசிரியர்களும் எடுத்துப் படித்தார்கள். இரைப்பை ஆராய்ச்சி என்றால் இன்றும் அவரிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. நான் நர்ஸிங் படித்தபோது எங்கள் புத்தகத்திலும் அவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் அலெக்சிஸின் பெயர் இல்லை. 'ஒரு நோயாளி' என்று மட்டும் இருந்தது.

இப்போது அந்த நோயாளியின் பக்கம் வருவோம்.

முதல் சோதனையின் குறிப்பில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. நூல் வயிற்றுக்குள் இருந்த நேரம் முழுவதும் பையன் வழக்கம் போல வீட்டு வேலை செய்துகொண்டிருந்தான் என்று டாக்டரே எழுதியிருக்கிறார். ஆம், அவன் அந்த வீட்டில் வேலைக்காரனும்கூட. விறகு வெட்டினான், சுமை தூக்கினான். மூன்றாவது மணி நேரம் நெஞ்சில் வலிக்கிறது என்று சொன்னான். அதையும் எழுதிக்கொண்டு, டாக்டர் நூலை மறுபடி உள்ளே விட்டார்.

சில வாரங்களில் அலெக்சிஸ் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டான். போமாண்டுக்கு வருத்தம், கோபம். தன்னுடைய சம்மதம் பெறாமல் போய்விட்டான் என்று எழுதினார். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். யாருடைய வயிறு, யாருடைய சம்மதம்?

கனடாவில் அவன் கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு குழந்தைகள் பிறந்தன. மறுபடி படகு வேலைக்குப் போனான். நான்கு வருஷம் கழித்து, 1829-ல், தோல் கம்பெனிக்காரர்கள் மூலம் ஆளைக் கண்டுபிடித்து, டாக்டர் தன் செலவில் குடும்பத்தோடு வரவழைத்தார். 1831 வரை இருந்தார்கள். பிறகு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினான். 1832-ல் ஒப்பந்தப் பத்திரம் எழுதினார்கள். ஒரு வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, உடை, தங்குமிடம். அதற்குப் பதிலாக டாக்டர் போகும் இடமெல்லாம் கூட வர வேண்டும், அவர் செய்யும் சோதனைகளுக்கு உடன்பட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாததால் அலெக்சிஸ் ஒரு பெருக்கல் குறி போட்டான். பிறகு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. டாக்டர் கடிதம் மேல் கடிதம் எழுதினார், அதிகப் பணம் தருகிறேன் என்றார், தன் மகனையே அனுப்பிப் பார்த்தார். இப்படி இருபது வருஷம். அவன் வரவில்லை. 1853-ல் போமாண்ட், பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து, அந்தக் காயத்திலேயே இறந்துபோனார்.

36 மணி நேரம் தாண்ட மாட்டான் என்று நினைத்த அலெக்சிஸ், டாக்டருக்குப் பிறகு இன்னும் 27 வருஷம் வாழ்ந்தார். வறுமைதான். நடுவில் வேறொருவர் அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்சிப் பொருளாக நிறுத்திய கொடுமையும் நடந்தது. 1880-ல் கியூபெக் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் இறந்தார். அந்த இரைப்பையை எடுத்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள மருத்துவர்கள் விரும்பினார்கள். குடும்பத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? வெயில் காலத்தில், உடல் கெட்டுப்போகும் வரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். யாரும் தோண்டி எடுக்கக் கூடாது என்று எட்டு அடி ஆழத்தில் புதைத்தார்கள். பெற்ற பிள்ளைகள் அப்பாவின் உடலை அழுக விடுவது என்றால், அந்த வீட்டில் எவ்வளவு ஆற்றாமை சேர்ந்திருக்க வேண்டும்! 1962-ல் கனடாவின் உடலியல் அறிஞர்கள் அவருடைய நினைவாக ஒரு பலகை வைத்து நன்றி சொன்னார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அல்சருக்குக் காரணம் ஒரு கிருமி என்று ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் சொன்னபோது யாரும் எளிதில் நம்பவில்லை. 1984-ல் அவர் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ஸ்பலன்சானியும் மார்ஷலும் தங்கள் வயிற்றையே கொடுத்தார்கள். அது அவர்கள் விருப்பம். போமாண்டின் சோதனைக்கு இருந்தது இன்னொருவருடைய வயிறு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இனி என் கதை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டரில் வேலை பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன் நோயாளியிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது பல நாட்கள் என் வேலை. டாக்டர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது முறை. ஆனால் வரிசையில் ஆறு கேஸ் இருக்கும், டாக்டர் உள்ளே நின்றுகொண்டிருப்பார். "சிஸ்டர், கையெழுத்து வாங்கிட்டீங்களா?" என்று குரல் வரும். ஒரு நாள் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். பெருங்குடலில் கட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. கட்டை விரலில் மை தடவிக்கொண்டே கேட்டார், "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" நான் சொன்னேன், "எல்லாரும் போடறதுதான் தாத்தா. சும்மா வைங்க."

அவரும் வைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் கண் விழித்துப் பார்த்தபோது வயிற்றில் ஒரு துளை, அதன் மேல் மலம் வெளியேற ஒரு பை. அப்படி வைக்க வேண்டி வரலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அந்த இரண்டு நிமிஷம் என் கையில்தான் இருந்தது. மூன்று நாள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். மகள் வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. நான்காம் நாள் டிரெஸ்ஸிங்குக்குப் போனேன். என்னைப் பார்த்து, "சொல்லியிருந்தாலும் ஒத்துக்கிட்டிருப்பேன் தாயி. சொல்லியிருக்கலாம்ல?" என்றார். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, படித்துச் சொல்லாமல் ஒரு கையெழுத்தும் நான் வாங்கவில்லை. டாக்டர்களிடம் திட்டு வாங்கினேன், தியேட்டர் தாமதமானது. ஆனால் அந்தப் பெரியவருக்கு அது உதவவில்லையே. அலெக்சிஸ் போட்ட பெருக்கல் குறியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவருடைய கட்டை விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்று நம் குடியிருப்பில் மாதத்துக்கு இரண்டு பேராவது எண்டோஸ்கோபிக்கோ, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கோ போகிறோம். அறுபதைத் தாண்டியவர்கள்தான் இங்கே அதிகம். அட்மிஷன் கவுன்டரில் ஐந்தாறு தாள் நீட்டுவார்கள். பிள்ளைகள் "போடுப்பா, லேட்டாகுது" என்பார்கள். தயவுசெய்து நிதானமாகப் போடுங்கள். போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: எனக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ஏன் செய்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? என்ன ஆபத்து வரலாம்? கண் விழிக்கும்போது என் உடம்பில் ஏதாவது மாறியிருக்குமா?

இது சட்டமும்கூட. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாம் நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்கும் சம்மதம்தான் சம்மதம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது ஆபரேஷன் செய்யக் கூடாது. புது மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொன்னால், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அலெக்சிஸ் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் ஓட வேண்டியதில்லை.

அதற்காக டாக்டர்களைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. போமாண்ட் இல்லையென்றால் அந்தப் பையன் 1822-லேயே செத்திருப்பான். நல்ல டாக்டருக்கும் அவசரம் உண்டு, ஆர்வம் உண்டு. நாம் ஒரு கேள்வி கேட்டால் அவரும் ஒரு நிமிஷம் நிற்பார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால், முதல் நாளே என்னிடம் கொண்டு வாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்கிறேன். வாட்ச்மேன் தம்பி, வேலைக்கு வரும் அம்மாக்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராக இருந்தாலும் சரி, பெல் அடியுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் தூங்குவேன்.

பின்னால் சுண்டலும் டீயும் தயாராக இருக்கின்றன. கோபப்படாமல் சாப்பிடுங்கள்.